நாலு பாட்டு, ஒரு பென்டிரைவ், உறுமிக்காரரின் அப்பா பெயர்

நாலு பாட்டும் மிக்ஸ் முடிந்து கணினியில் ஏறியது நவம்பர் கடைசியில். அவை கேட்கிறவர் காதுக்குப் போய்ச் சேர மார்ச் ஆகிவிட்டது. எழுதி, மெட்டுப் போட்டு, பதிவு செய்ய ஆன நாளைவிட இது அதிகம். நடுவில் என்னென்ன செய்தோம், எங்கே சொதப்பினோம், எதைக் கழற்றி மறுபடி மாட்டினோம் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அதை விரித்து எழுதியதுதான் இது.

நாங்கள் மூன்று பேர், உசிலம்பட்டிப் பக்கம். நான் கீபோர்டு, கிதார். பகலில் வேறு வேலை. என் அக்கா மகள் பாட்டு எழுதுவாள், பாடுவாள். உறுமி வாசிக்கிறவர் அறுபதைத் தாண்டிய பெரியவர், திருவிழாவுக்கும் துக்க வீட்டுக்கும் வாசித்துப் பழகிய கை. கம்பெனி கிடையாது, சினிமாக்காரர் யாரையும் தெரியாது. பதிவு நடந்ததெல்லாம் என் வீட்டு மாடி அறையில், சுவரில் போர்வை தொங்கவிட்டு.

முதல் சொதப்பல் சத்தத்தில். சினிமாப் பாட்டு மாதிரி 'கும்'மென்று கேட்க வேண்டும் என்ற ஆசையில் லிமிட்டரை, அதாவது உச்சச் சத்தத்தை அழுத்தி மொத்தத்தையும் ஏற்றுகிற கருவியை, ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். யூலீன் என்று ஓர் இலவச மீட்டர் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் மைனஸ் 8 எல்.யு.எஃப்.எஸ். காட்டியது. காதுக்கு மொத்தமாக எவ்வளவு சத்தமாகத் தெரிகிறது என்பதன் அளவு அது. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ மைனஸ் 14க்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். அதாவது நான் மல்லுக்கட்டி ஏற்றிய 6 டெசிபலை அவர்கள் ஒரே இறக்காக இறக்கிவிடுவார்கள். சத்தம்தான் போகிறது, சரி என்று விட முடியாது. லிமிட்டர் நசுக்கிய அடி நசுங்கியபடியேதான் இருக்கும். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுமுகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். அந்த அடி செத்துப்போய்ச் சாக்கு மூட்டையைத் தட்டுகிற மாதிரி கேட்டது. நாலையும் திறந்து லிமிட்டரைத் தளர்த்தி மைனஸ் 13 பக்கம் கொண்டுவந்தேன். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். அந்த ஒரு டெசிபல் இடம் ஏன் என்றால், கோப்பைச் சுருக்கும்போது அலை கொஞ்சம் எகிறும். இடம் விடாவிட்டால் உடைந்து கேட்கும்.

அப்புறம் விநியோகம். ஸ்பாட்டிஃபையோ ஆப்பிளோ நம்மைப் போன்ற ஆளிடமிருந்து நேரடியாகப் பாட்டை வாங்காது. 2018இல் ஸ்பாட்டிஃபை சிலருக்கு மட்டும் நேரடியாக ஏற்ற விட்டுப் பார்த்தது, அடுத்த வருடமே மூடிவிட்டது. ஆகவே நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். சிலர் வருடக் கட்டணம் வாங்குகிறார்கள். சிலர் இலவசமாக ஏற்றிவிட்டு வருமானத்தில் பங்கு எடுக்கிறார்கள். வருடக் கட்டண வகையில், பணம் கட்டாமல் விட்டால் பாட்டு எல்லாக் கடையிலிருந்தும் (ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்களைத்தான் கடை என்கிறேன்) இறங்கிவிடும் என்று பல இடங்களில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். எங்கள் கையிருப்புக்குப் பங்கு முறைதான் சரிப்பட்டது.

விண்ணப்பப் படிவம் திறந்தபோதுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. பாட்டைப் பதிவு செய்ததைவிட அந்தப் படிவத்தை நிரப்பியதில் நான் பட்ட பாடு அதிகம்.

முன்பெயர், பின்பெயர் என்று இரண்டு கட்டம். இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம். எங்கள் மூன்று பேருக்குமே பின்பெயர் என்று ஒன்று கிடையாது. ஆளுக்கு ஓர் இனிஷியல் இருக்கிறது. இனிஷியலைப் போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பு வரி வந்தது. ராத்திரி பதினொன்றரை மணி. சரி, இனிஷியலின் விரிவைப் போட்டுவிடுவோம் என்று மூவருக்கும் அப்பா பெயரைப் பின்பெயராகப் போட்டு அனுப்பிவிட்டேன். அக்கா மகளுக்கும் எனக்கும் அது ஒன்றும் செய்யவில்லை. பெரியவர் விஷயத்தில் ஒரு கடையின் கணினி பின்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. பாட்டின் விவரத்தைத் திறந்தால் 'தாளம்' என்ற இடத்தில் அவருடைய அப்பா பெயர் நிற்கிறது.

போனில் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தம்பி, எங்கப்பா எப்பய்யா உறுமி அடிச்சாரு? அவரு நாயனம்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருடமாக வாசிக்கிற மனிதர். அவர் பெயர் ஒரு பாட்டோடு சேர்த்து எழுதப்படுவது இதுதான் முதல் தடவை. அதையும் தப்பாகப் போட்டுவிட்டேன். திருத்தம் கேட்டு அன்றைக்கே எழுதினேன். அது தனிக் கதை, பின்னால் வருகிறது.

பெயரோடு சேர்ந்த இன்னொரு தலைவலி, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது. எங்கள் இரண்டாவது பாட்டின் தலைப்பில் 'மழை' இருக்கிறது. புத்தக முறைப்படி இசட்-ஹெச் போட்டு எழுதினேன். அக்கா மகளின் தோழிகள் தேடிப் பார்த்துவிட்டு வரவில்லை என்றார்கள். எப்படித் தேடினீர்கள் என்று கேட்டால், எல்லாரும் ஒற்றை 'எல்' போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வாயிலும் அது 'மலை'தானே! அதற்குப் பிறகு தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே போட்டு, மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களுக்காக, அவர்கள் சரியாகவே அடிக்கும்படி குழுப் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் விட்டுவைத்தேன். அதில் என்ன வினை வந்தது என்று அடுத்துச் சொல்கிறேன்.

அட்டைப் படம் பற்றி ஒரு வரி. 3000க்கு 3000 பிக்சல், சதுரமாக இருக்க வேண்டும். அக்கா மகள் வரைந்த முதல் படத்தில், கீழே திருவிழா நோட்டீஸ் மாதிரி 'தொடர்புக்கு' என்று என் செல் நம்பர். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்பர், இணைய முகவரி எதுவும் படத்தில் இருக்கக் கூடாதாம். "நம்பர் இல்லாம நோட்டீஸ் அடிச்சா யாரு மாமா கூப்பிடுவா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

வெளியீட்டு நாளை வெள்ளிக்கிழமையாக வைத்தோம். 2015 ஜூலை 10 முதல் பல நாடுகளில் புதுப் பாட்டு வெள்ளியன்று வெளியிடுவது என்று இசைத் துறை ஒரு முறை கொண்டுவந்தது. புதுப்பாட்டுப் பட்டியல்கள் பலவும் அன்றைக்குத்தான் புதுப்பிக்கப்படும். எங்களுக்கு வெள்ளி நல்ல நாள், அதோடு சரி. வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்தில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்குப் போடலாம். போட்டால், நம்மைப் பின்தொடர்கிறவர்களின் வாராந்தரப் புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டே வரும். நான் போகிறேன், பார்க்கிறேன், எங்கள் பக்கத்தில் வரப்போகிற பாட்டு என்று ஒன்றுமே இல்லை. தாமதமாக வரும்போல என்று விட்டுவிட்டேன். அந்த அசமந்தத்துக்கு வெள்ளிக்கிழமை காலையில் பலன் கிடைத்தது. எங்கள் குழுவுக்கு ஒரு பூவின் பெயர். அதே பூவின் பெயரில், அதே ஆங்கில எழுத்துகளில், வடக்கே ஒருவர் பஜனைப் பாட்டு போட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் நாலு பாட்டும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தன. அவருடைய பக்தர்கள் அன்று காலை எழுந்து ஒப்பாரிச் சாயலில் ஒரு பாட்டைக் கேட்டிருப்பார்கள். பாவம்.

சரிசெய்வது கஷ்டமில்லை, நாள்தான் பிடிக்கும். தவறான பக்கத்தில் இருக்கிறது என்று புகார் போட்டால் எடுத்து மாற்றுவார்கள். எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. வெளியீட்டு வாரம் அதோடு போயிற்று. முதல் பாட்டு ஏற்றுகிறவர்களுக்கு: படிவத்தில் 'இந்தப் பெயரில் ஏற்கெனவே இவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் இவரா?' என்று கேட்கும் இடம் வரும். அவசரத்தில் ஆமாம் என்று தட்டாதீர்கள். 'புதுக் கலைஞர்' என்பதைத் தேடித் தட்டுங்கள். பதிவை அடையாளம் காட்டுகிற பன்னிரண்டு எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண் ஒவ்வொரு பாட்டுக்கும் கிடைக்கும். அதை நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே எண்ணோடு ஏற்றினால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும்.

யூடியூபில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சேனலில் நாங்களே வீடியோ போட்டோம். மறுநாள் 'இதில் பிறர் உரிமை உள்ள பாட்டு இருக்கிறது' என்று அறிவிப்பு. அந்தப் பிறர் யார் என்றால் எங்கள் விநியோகஸ்தர்தான்! நம் பாட்டை யார் வீடியோவில் போட்டாலும் யூடியூப் கண்டுபிடித்துச் சொல்கிற கன்டென்ட் ஐடி என்ற பெட்டியில் நான் டிக் அடித்திருந்தேன். அது எங்கள் பாட்டை எங்களிடமிருந்தே காப்பாற்றியிருக்கிறது. சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னதும் தீர்ந்தது. ஆனால் அப்போதுதான் விதியை முழுசாகப் படித்தேன். எல்லாரும் எடுத்துப் போடுகிற இலவச லூப் (திரும்பத் திரும்ப ஓடவிடுகிற ஒலித் துண்டு) பாட்டில் இருந்தால் அந்த டிக்கே அடிக்கக் கூடாது. அடித்தால் அதே லூப்பைப் போட்ட வேறு யாரோ ஒருவரின் வீடியோவுக்கு நம் பெயரில் நோட்டீஸ் போகும். நாலாவது பாட்டில் பின்னால் ஓடுகிற சுருதி அப்படி எடுத்த இலவச லூப். டிக்கை எடுத்தேன். இனிமேல் அந்த வேலையே வேண்டாம் என்று ஒரு சுருதிப்பெட்டி இரவல் வாங்கி இருபது நிமிடம் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பின்னணியில் ஒரு காக்கை கத்துகிறது. இருக்கட்டும்.

இதற்கு நடுவில் பேண்ட்கேம்ப்பிலும் ஒரு பக்கம் திறந்தோம். 2008இலிருந்து நடக்கிற தளம். விநியோகஸ்தர் வேண்டாம், நாமே ஏற்றலாம், நாமே விலை வைக்கலாம். கோப்பு வேவ், ஏ.ஐ.எஃப்.எஃப்., ஃப்ளாக் என்று தரம் இழக்காத வடிவில் இருக்க வேண்டும். எம்பி3 ஆக்குவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் பங்கு 15 சதவீதம். ஒருவர் 7 டாலர் கொடுத்தால் 1 டாலர் 5 சென்ட் அங்கே போகும், பணம் அனுப்பும் செலவு தனி. 2020 மார்ச்சில் கோவிட் நேரத்தில் ஆரம்பித்த 'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று அவர்கள் குறிக்கிற சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் வாங்குவதில்லை. கடல் கடந்து இருக்கிற நம் ஆட்கள் சிலர் வாங்கினார்கள். ஒருவர் நாங்கள் வைத்த விலையைவிட மூன்று மடங்கு கொடுத்துவிட்டு 'உறுமிக்காரருக்கு' என்று ஒரே சொல் எழுதியிருந்தார். அதை அப்படியே பெரியவரிடம் சேர்த்துவிட்டேன்.

சிக்கல் உள்ளூரில். பணம் பேபால் வழியாக வருகிறது. 2021 ஏப்ரலோடு பேபால் இந்தியாவுக்குள் இந்தியர் இந்தியருக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. டொரொண்டோக்காரர் வாங்கலாம், தேனிக்காரர் வாங்க முடியாது. இதற்குச் சுற்றுவழி, பதிவிறக்கக் குறியீடுகள். மாதத்துக்கு 200 இலவசப் பதிவிறக்கம் கணக்கில் தருகிறார்கள். அதிலிருந்து குறியீடு எடுத்துக்கொண்டேன். உள்ளூர்க்காரர் யுபிஐயில் ஐம்பதோ நூறோ போடுவார், நான் ஒரு சீட்டு கொடுப்பேன். சீட்டில் உள்ள குறியீட்டைத் தளத்தின் 'யம்' என்ற பக்கத்தில் அடித்தால் பாட்டு இறங்கும். உண்மையிலேயே அந்தப் பக்கத்துக்கு அதுதான் பெயர்.

விசிட்டிங் கார்டு அளவில் நூறு சீட்டு அச்சடித்தோம். அச்சகத்தில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு குறியீடு போடக் கூடுதல் காசு கேட்டதால், இடம் காலியாக விட்டு அக்கா மகள் கையால் எழுதினாள். அவள் கையெழுத்தில் ஒன்றும் 'எல்'லும் ஒரே மாதிரி. முதல் வாரத்தில் மூன்று பேர் போன் செய்து திறக்கவில்லை என்றார்கள். அது சின்னது. பெரியது சீட்டின் பின்னால் இருந்த க்யூஆர். இலவசமாகச் செய்து தருகிற ஒரு தளத்தில் எடுத்தது. இரண்டு வாரத்தில் காலாவதியாகிவிட்டது. தொடர வேண்டுமென்றால் மாதச் சந்தாவாம். அந்தக் க்யூஆரில் இருந்தது எங்கள் முகவரி இல்லை, அந்தத் தளத்தின் முகவரி. அங்கே போய்த்தான் நம் பக்கத்துக்குத் திரும்பும். முகவரி நேராக உள்ளேயே எழுதப்பட்ட க்யூஆர் என்றால் காலாவதி என்ற பேச்சே கிடையாது. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து, முதலில் தெரிகிற முகவரி யாருடையது என்று பாருங்கள். நாங்கள் புதுக் க்யூஆரை லேபிளில் எடுத்து அறுபது சீட்டில் ஒட்டினோம். மற்ற நாற்பதும் ஏற்கெனவே ஊருக்குள் போய்விட்டன.

சீட்டு வாங்கிய பாதிப் பேர் பாட்டை இறக்கவில்லை. இறக்கினால் ஜிப் கோப்பு வருகிறது, போனில் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. டீக்கடையில் ஒருவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு, பென்டிரைவுல போட்டு மினிபஸ்ஸுல குடுங்க" என்றார். நான்கு மாதத்தில் எங்களுக்கு யாரும் சொல்லாத யோசனை.

எங்கள் ஊர் மினிபஸ் ஒரு நாளைக்குப் பல நடை போகிறது. ஓட்டுநருக்குப் பெரியவரைத் தெரியும். மறுநாள் காலையில் 64 ஜிபி பென்டிரைவைக் கொண்டுபோய்ச் செருகினேன். பஸ்ஸின் பிளேயர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. காரணம் ஃபார்மேட். பெரிய டிரைவ்களை விண்டோஸ் எக்ஸ்ஃபேட் ஆக்கிவிடும். இந்த மாதிரிப் பிளேயருக்குத் தெரிந்தது ஃபேட்32 மட்டும். வீட்டில் கிடந்த பழைய 16 ஜிபியை ஃபேட்32இல் ஃபார்மேட் செய்து எடுத்துப் போனேன். இப்போது திறந்தது, தமிழில் இருந்த தலைப்பெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. கோப்புப் பெயரையும் உள்ளே இருக்கும் டேக்கையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். அடுத்து, மூன்றாவது பாட்டு முதலில் ஓடியது. முன்னால் 01, 02 என்று எண் போட்டிருந்தும் கேட்கவில்லை. இது நான் பழைய பிளேயர்களில் பார்த்த குணம்தான், மறந்துவிட்டேன்: பெயரைப் பார்க்காது, டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் எடுக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக, வரிசையாகக் காப்பி செய்தால் சரியாகிவிடும்.

இத்தனையும் தாண்டிப் பாட்டு ஓடியபோது ஓட்டுநர் சொன்னது: "இதுல உறுமி எங்க? தகர டப்பாவத் தட்டுற சத்தம்தான வருது."

அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. உறுமிக்கு இரண்டு மைக் வைத்திருந்தேன். தேய்க்கிற முகம் இடது பக்கம், அடிக்கிற முகம் வலது பக்கம். ஹெட்போனில் அற்புதமாக இருக்கும். பஸ்ஸில் இடது சேனல் ஸ்பீக்கர்கள் எப்போதோ செத்துவிட்டன. வலது மட்டும்தான். உறுமல் முழுக்க இடதோடு போய்விட்டது, மிச்சம் 'டக் டக்'.

சரி, மோனோ ஆக்கிவிடுவோம் என்று இரண்டையும் சேர்த்து ஒரு பிரதி எடுத்தேன். இப்போது உறுமல் வந்தது, ஆனால் சளி பிடித்த மாதிரி மெலிந்து வந்தது. அன்றிரவு இரண்டு மைக்கின் அலையையும் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மேலே போகிற இடத்தில் மற்றது கீழே போகிறது. இரண்டு முகத்துக்கும் எதிரெதிரே மைக் வைத்தால் அப்படித்தான் ஆகும்; ஒரு தோல் ஒரு மைக்கைப் பார்த்து வரும் நேரத்தில் மற்றத் தோல் இன்னொரு மைக்கைவிட்டு விலகிப் போகலாம். தனித்தனிப் பக்கத்தில் கேட்கும்வரை காது ஏமாந்துபோகும். ஒன்றாகச் சேர்த்தால் கீழ்ச் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில், அலையைத் தலைகீழாக்குகிற ஃபேஸ் பொத்தானை ஒரு டிராக்கில் ஒரு தட்டு தட்டினேன். மாடி அறைக் கதவு அதிர்ந்தது. மூன்று மாதமாக அந்த உறுமல் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அந்தப் பொத்தானைத் தட்டி, இரண்டு முகத்தையும் நடுவுக்குப் பக்கமாகக் கொண்டுவந்து எடுத்த பிரதிக்கு 'பஸ் மிக்ஸ்' என்று பெயர் வைத்தோம். பேண்ட்கேம்ப்பில் கோப்பை மாற்ற விடுகிறார்கள், மாற்றிவிட்டேன். மற்றக் கடைகளில் மாற்றுவதென்றால் கிட்டத்தட்ட மறுபடி வெளியிடுகிற வேலை; தெம்பில்லை, விட்டுவிட்டேன். ஆகவே ஸ்பாட்டிஃபையில் கேட்கிறவருக்கு மெலிந்த உறுமி, மினிபஸ்ஸில் கேட்கிறவருக்கு நல்ல உறுமி.

பஸ்ஸிலிருந்து அது செல்போன் கடைக்குப் போயிற்று. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிற கடை எங்கள் ஊரில் இன்னும் ஒன்று இருக்கிறது. கேசட் காலத்தில் சீட்டில் பாட்டு எழுதிக்கொடுத்தால் பதிந்து தருவார்களே, அந்த வம்சம். கடைக்காரர் எங்கள் நாலையும் தன் கணினியில் போட்டுக்கொண்டு, கார்டு கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் கேட்காமலே சேர்த்து ஏற்றுகிறார்.

"மாமா, இதுக்குப் பேரு பைரசி இல்லையா?"

"நம்ம பாட்ட நாமளே குடுத்தா எப்படி பைரசி ஆகும்?"

கணக்கைக் கேட்பவர்களுக்கு: மூன்று மாதத்தில் ஸ்பாட்டிஃபையில் அதிகம் போன பாட்டு 640 தடவை. முப்பது விநாடி தாண்டினால்தான் ஒரு தடவை. 2024இலிருந்து பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை ஓடாத பாட்டுக்கு அங்கே காசு கிடையாது. எங்களுக்கு இதுவரை பூஜ்யம். குறியீடு பயன்படுத்தியவர்கள் 41 பேர். யுபிஐயில் வந்தது அச்சுச் செலவைக் கட்டிவிட்டது. மினிபஸ்ஸில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதற்கு மீட்டர் கிடையாது. ஆனால் இரண்டு கோயில் திருவிழாவுக்கு ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார்கள், இரண்டுமே அந்த பஸ் போகிற வழி ஊர்கள்.

பெயர்த் திருத்தம் கதை இன்னும் முடியவில்லை. விநியோகஸ்தருக்கு ஐந்து முறை எழுதிவிட்டேன். மற்றக் கடைகளில் மாறிவிட்டது, ஒன்றில் மட்டும் அப்படியே நிற்கிறது. போன வாரம் பெரியவரிடம் அதைச் சொல்லி, ஆறாவது மடலும் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பப் போகிறேன் என்றேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் மென்றார்.

"அந்த ஒண்ணுல இருந்துட்டுப் போகட்டும் தம்பி. அவரு பேரும் எங்கயும் வந்ததில்ல."

மடல் இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது.